மாசத்துக்கு ஒரு இறுக்கு

பூசாலங்குறிச்சியில் பந்தல் போடுகிற அண்ணன் தம்பிகள் மூன்று பேர் உண்டு. மூத்தவர் வடமலை, நடுவுள்ளவர் சுடலைமணி, இளையவர் பிச்சையா. யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். அதுதான் அவர்களிடம் உள்ள ஒரே கோளாறு. அந்த வீட்டுக் கல்யாணத்தில் குனிந்தபடியே சாப்பிட்டவன் நான். இன்றைக்கும் என் கழுத்து இடப்பக்கம் திரும்பாது. அதனால் இதில் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

வடமலைக்கு முப்பத்தெட்டு வயசு. முன்பல் நாலும் உதட்டைத் தாண்டி வெளியே நிற்கும். பக்கத்து ஊர் இசக்கியம்மாளைப் பெண் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு பிடித்துப்போயிற்று. பெண்ணின் அப்பா ஆவுடையப்பன்தான் முட்டுக்கட்டை. "பல்லு நேராகட்டும், தை மாசம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டார். அப்போது ஆடி மாசம்.

மூன்று பேரும் டவுனில் பல் டாக்டரம்மாவிடம் போனார்கள்.

"கம்பி போட்டா நேராயிரும்" என்றார் டாக்டரம்மா. "சின்னப் பிள்ளைங்களுக்கு ஒன்றரை வருஷம் ஆகும். உங்களுக்கு எலும்பு கெட்டிப்பட்டுட்டு, ரெண்டு வருஷம் ஆகும்."

சுடலைமணிக்கு இது தொழிலுக்கே அவமானமாகப் பட்டது. "சாஞ்ச மூங்கிலை நாங்க அரை மணி நேரத்துல நிமித்திருவோம்மா. ஒரு கயித்தைக் கட்டி இழுத்தா முடிஞ்சுது."

"இழுத்தா வேரோட வந்துரும். எதை நேராக்கணும்னாலும் மெதுவாத்தான் நேராக்கணும். மாசத்துக்கு ஒரு தடவை, கொஞ்சூண்டு இறுக்கணும். அவசரமே படக் கூடாது."

பிச்சையா அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் ஆலோசித்தார்கள்.

"சின்னப் பிள்ளைன்னா ஆறு மாசம் முந்தியே முடியுதுல்லா?" என்றார் சுடலைமணி.

"அண்ணனை எப்படிச் சின்னப் பிள்ளையாக்க?" என்றார் பிச்சையா.

"அரை டிரவுசர் போட்டுக் கூட்டிட்டு வந்து பார்ப்போம்."

மறுநாள் கூட்டிக்கொண்டு வந்தார்கள். டாக்டரம்மா அந்த டிரவுசரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ரெண்டு வருஷம்தான் என்றார்.

கம்பி போட்டாயிற்று. டாக்டரம்மா வழக்கமாக எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னார். எதையும் கடிக்காமல் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் உடனே பல் தேய்க்க வேண்டும். குத்துகிற இடத்தில் மெழுகு வைக்க வேண்டும். நாலு நாள் வலிக்கும், பயப்பட வேண்டாம்.

தம்பிகள் இட்லியை வெட்டினார்கள். சோற்றில்தான் வேலை அதிகம். ஒவ்வொரு பருக்கையாக எடுத்துப் பிளேடால் மூன்றாக வெட்டி, ஒரு கைப்பிடி தேறுவதற்குள் மணி நாலாகிவிட்டது. ரசத்தை என்ன செய்தும் வெட்ட முடியவில்லை. அதனால் ரசத்தை நிறுத்திவிட்டார்கள்.

வலி மூன்றாம் நாளே நின்றுபோனது. தம்பிகள் பதறிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினார்கள். "நாலு நாள்னு சொன்னீங்க. மிச்சம் ஒரு நாள் வலியைக் காணோம்மா." நல்லதுதான், வீட்டுக்குப் போங்கள் என்றார் அவர். அவர்களுக்கு மனசு ஆறவில்லை. நாலாம் நாள் பூராவும் பிச்சையா அண்ணனை அவ்வப்போது கிள்ளிவிட்டார்.

பல் தேய்ப்பதில்தான் பெரிய சிக்கல்.

"ஏல, பேஸ்ட் கொஞ்சம் உள்ள போயிட்டு" என்றார் வடமலை. "வாய் வழியாத்தான போச்சு, அப்ப சாப்பிட்ட மாதிரிதான?"

சுடலைமணி நன்றாக யோசித்தார். "மாதிரிதான்."

"சாப்பிட்டா தேய்க்கணும்லா?"

"தேய்க்கத்தான் செய்யணும்."

தேய்த்தார். மறுபடியும் கொஞ்சம் உள்ளே போயிற்று. அன்றிலிருந்து வடமலையைப் பார்க்க வேண்டுமென்றால் கொல்லைக் குழாயடிக்குத்தான் போக வேண்டும்.

புரட்டாசி வந்தது. தை நெருங்குகிறது, பல் அசைந்த மாதிரியே இல்லை. குழாயடியில் நின்றபடியே வடமலை அழுதார். பார்க்கப் பாவமாக இருந்தது. முடிந்தபின் பல் எப்படி இருக்கும் என்று காட்ட டாக்டரம்மா மாவுக்கட்டு மாவில் ஒரு பல் செட் செய்து வைத்திருந்தது சுடலைமணிக்கு ஞாபகம் வந்தது.

"பந்தலே போடாம, ஆல்பத்தைக் காட்டித்தான நாம ஆர்டர் பிடிக்கோம்?" என்றார்.

"ஆமா."

"அப்ப பல்லையும் காட்டுவோம்."

கேட்டு வாங்கி, வெற்றிலை பாக்கு பூ பழத்தோடு தாம்பாளத்தில் வைத்து ஆவுடையப்பன் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பல்லு லட்சணமாத்தான் இருக்கு" என்றார்.

இசக்கியம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். "பல்லு வந்துட்டு. ஆள் எங்க?"

"வீட்ல பல்லு தேய்க்காங்க" என்றார் பிச்சையா.

"எப்ப இருந்து?"

"ஆடி மாசத்துல இருந்து."

அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். "எனக்கு அவங்களை அன்னைக்கே பிடிச்சிருந்துது. பல்லைப் பத்திப் பேசினது நீங்கதான். கம்பியோடயே வரட்டும், தையில வச்சிருவோம்."

ஆவுடையப்பன் இறங்கிவந்தார். ஆனால் தம்பிகளிடம் கறாராகச் சொன்னார்: "பந்தலாவது நேரா இருக்கணும். நாலு ஊர் சனம் வருது. கோணலா இருந்துதோ, பொண்ணைக் கையோட கூட்டிட்டுப் போயிருவேன்."

நேராக்குவது என்றதும் பிச்சையா உள்ளங்கையைப் பார்த்தார். அழிய அழிய எழுதி வைத்திருந்தார். எதை நேராக்கணும்னாலும் மெதுவா. மாசத்துக்கு ஒரு தடவை. கொஞ்சூண்டு.

ஐப்பசியிலேயே வேலையைத் தொடங்கினார்கள். மூங்கிலை எல்லாம் சாய்த்து நட்டு, கயிறு கட்டி, ஒரு இறுக்கு. கார்த்திகையில் ஒரு இறுக்கு. மார்கழியில் ஒரு இறுக்கு. நடுவில் யாரும் கயிற்றைத் தொடாமல் தம்பிகள் முறைவைத்துக் காவல் இருந்தார்கள்.

முகூர்த்தத்தன்று மூங்கிலெல்லாம் இன்னும் சாய்ந்தே நிற்க, பந்தல் என் நெஞ்சு உயரத்துக்குத்தான் இருந்தது. சனமெல்லாம் குனிந்து உள்ளே போனது. மூங்கில் தலையில் குத்துகிற இடத்தில் எல்லாம் மெழுகு வைத்திருந்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

"என்ன தம்பி இது?" என்றார் ஆவுடையப்பன், முட்டிபோட்டபடி.

"அவசரப்படக் கூடாது மாமா. இன்னும் இருபத்தோரு இறுக்கு இருக்கு."

அவர் மகளின் கையைப் பிடித்தார். வடமலையின் முகம் செத்துப்போயிற்று. இசக்கியம்மாள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, போய் மணையில் உட்கார்ந்தாள். "இருபத்தோரு மாசந்தானப்பா? நானே கூட இருந்து பார்த்துக்கிடுதேன்" என்றாள். வடமலை கம்பி தெரியச் சிரித்துக்கொண்டே தாலி கட்டினார்.

போட்டோக்காரர் நல்ல மனுஷன். பந்தல் கோணலாக விழக் கூடாது என்று கேமராவைச் சாய்த்துப் பிடித்து எடுத்துவிட்டார். ஆல்பம் வந்ததும் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தார்கள்.

"பந்தல் நேராத்தான் இருக்கு" என்றார் சுடலைமணி.

"ஆமா" என்றார் பிச்சையா. "ஆனா அண்ணனும் மதினியும் இடப்பக்கமாச் சாஞ்சிருக்காங்களே. ஆவுடையப்ப மாமா ரொம்பச் சாஞ்சுட்டாக."

ஆவுடையப்பன் ஆல்பத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா கதவைத் திறந்தபோது, கையில் ஆல்பத்தோடு எல்லோரும் வரிசையாக நின்றார்கள். ஆவுடையப்பன்தான் முன்னால் நின்றார். சீக்கிரம் முடியட்டும் என்று டிரவுசர் போட்டிருந்தார்.