ஆறு நாள் மார்க்கர்

"என் ஆட்டம் எங்கே போச்சுன்னே தெரியலக்கா," என்றாள் தாரிணி.

சவரியம்மாள் செம்மண் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். குழாயை நிறுத்தவில்லை.

"தேடினியா பாப்பா?"

"பதினோரு மாசமா தேடறேன்."

"எங்கே?"

தாரிணி பையைத் திறந்து டேப்லெட்டை எடுத்தாள். அதில் அவள் சர்வீஸ் போடும் படங்கள் இருந்தன. முன்னாலிருந்து, பின்னாலிருந்து, பக்கவாட்டிலிருந்து. பந்தைத் தூக்கும் கை, வளையும் முதுகு, தரையை விட்டு எழும்பும் பாதம். ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் கோடு இழுத்துக் கோணம் எழுதியிருந்தது.

சவரியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"எல்லாத்துலயும் நீதான் இருக்கே."

"என் ஆட்டம்தானே போச்சு? என்னைத்தானே பார்க்கணும்?"

சவரியம்மாள் குழாயை இழுத்துக்கொண்டு கோர்ட்டின் அடுத்த பாதிக்குப் போனாள்.

உலக டென்னிஸ் பட்டியலில் நூற்று எண்பதாவது இடத்தில் இருந்தவள் தாரிணி. இப்போது நானூற்று முப்பது. கடைசியாக ஆடிய ஒன்பது போட்டிகளிலும் முதல் சுற்றிலேயே வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். வயது இருபத்தெட்டு. அடுத்த திங்கட்கிழமை பெங்களூரில் தகுதிச் சுற்று. அதிலும் தோற்றால், பெரிய போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கும் தகுதியே போய்விடும்.

ஒரு பயிற்சியாளர் அவள் பந்து தூக்கும் முறையை மாற்றினார். இன்னொருவர் அதைப் பழையபடி மாற்றினார். மூன்றாமவர் மனசை மாற்ற ஓர் ஆளைச் சிபாரிசு செய்தார்.

எல்லாரையும் விட்டுவிட்டு, பன்னிரண்டு வயதில் ராக்கெட் பிடித்த திருச்சி கிளப்புக்கே வந்திருந்தாள். அப்பா அங்கே மெம்பர். அவள் மூன்று வருஷம் தினமும் பந்தடித்தது சவரியம்மாளோடுதான்.

சவரியம்மாள் அந்தக் கிளப்பின் மார்க்கர். ஆடத் துணையில்லாமல் வரும் மெம்பர்களுக்கு எதிரே நின்று பந்தைத் திருப்பித் திருப்பிக் கொடுக்கும் சம்பள ஆள். மார்க்கர் பந்தை வெளியே அடிக்கக் கூடாது. மெம்பர் கைக்கு எட்டாமல் அடிக்கக் கூடாது. முக்கியமாக, ஜெயிக்கக் கூடாது. உலகத்தில் தோற்பதற்கென்றே ஆள் வைத்துக்கொள்ளும் இடம் அது ஒன்றுதான். மார்க்கர் வருவதும் போவதும் பின்கேட் வழியாக. சவரியம்மாள் பதினெட்டு வயதில் அந்தக் கேட்டுக்குள் நுழைந்தாள். இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது.

தாரிணி அவள் பின்னாலேயே போனாள்.

"ஒரு வாரம் எனக்குச் சொல்லிக் குடுங்கக்கா."

"நான் கோச் இல்ல. மார்க்கர்."

"அப்போ என்கூட ஆடுங்க. விட்டுக் குடுக்காம, நிஜமா ஆடுங்க."

"நிஜமா ஆட ரெண்டு பேர் வேணுமே."

"நான் இருக்கேனே?"

"நீ அந்தப் பலகைக்குள்ளதானே இருக்கே?" என்று டேப்லெட்டைக் காட்டினாள் சவரியம்மாள்.

குழாயை மூடிவிட்டு, ஆணியில் தொங்கிய பச்சைச் சட்டையை எடுத்து வந்தாள். முதுகில் 'மார்க்கர்' என்று எழுதியிருந்தது.

"ஆறு நாள் என் வேலையை நீ பாரு. தினமும் வேலை முடிஞ்சதும் ஒரு கேள்வி கேட்பேன்."

"நான் மார்க்கரா?"

"ஏன், குறைஞ்சு போயிருவியா?"

தாரிணிக்குக் காது சூடேறியது. சட்டையைப் பிடுங்கி மாட்டிக்கொண்டாள்.

முதல் நாள் வக்கீல் தணிகாசலம் வந்தார். சட்டையைப் பார்த்தார்.

"புது மார்க்கரா? பழையவளுக்கு என்னாச்சு?"

கிளப் ஹாலில் அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே தாரிணியின் படம் மாட்டியிருந்தது. கையில் கோப்பையோடு, மாலை போட்டு எடுத்த படம்.

மூன்றாவது பந்தை அவள் மூலைக்கு அடித்தாள். நான்காவதை மற்ற மூலைக்கு அடித்தாள். வக்கீல் நின்றுவிட்டார்.

"ஏம்மா, நான் இங்க ஆட வந்தேனா, பந்து பொறுக்க வந்தேனா?"

சாயங்காலம் சவரியம்மாள் கேட்டாள்: "வக்கீலுக்கு எந்த முழங்கால்ல வலி?"

"எனக்குத் தோள்ல ஒரு இறுக்கம் இருக்குக்கா. அதனால ரெண்டாவது சர்வீஸ்ல முழங்கை..."

"உன்னைக் கேட்கல."

இரண்டாம் நாள் டாக்டர் ஹேமலதா வந்தார். அவர் கைக்கு நேராகக் கொடுக்க வேண்டும் என்று தாரிணி முடிவு செய்திருந்தாள். முடியவில்லை. ஐயாயிரம் பேர் முன்னால் கோட்டின் விளிம்பைத் தொட்டு அடித்தவளுக்கு, ஐம்பது வயதுப் பெண் ஒருத்தியின் ராக்கெட்டில் பந்தைக் கொண்டுபோய் வைக்கத் தெரியவில்லை. ஒன்று காலடியில் விழுந்தது. ஒன்று தலைக்கு மேல் போனது.

"டாக்டரம்மா அடிக்கும்போது மூச்சை விடறாங்களா, பிடிக்கிறாங்களா?"

"தெரியலக்கா."

"பரவாயில்ல. நேத்து இதைக்கூடச் சொல்லல நீ."

மூன்றாம் நாள் மறுபடி வக்கீல் வந்தார். தாரிணி பந்தை விட்டுவிட்டு அவர் காலைப் பார்த்தாள். இடப்பக்கம் எட்டும்போது மனிதர் தாராளமாகக் காலை ஊன்றினார். வலப்பக்கம் எட்டும்போது இடுப்பை மட்டும் திருப்பி, கையை நீட்டிச் சமாளித்தார்.

அடுத்த பந்தை வலப்பக்கத்தில் ஒரு சாண் உள்ளே, கொஞ்சம் மெதுவாகக் கொடுத்தாள். வந்தது. இன்னொன்று கொடுத்தாள். அதுவும் வந்தது. நிற்காமல் பதினான்கு முறை பந்து நெட்டைத் தாண்டிப் போய் வந்தது.

வக்கீலுக்குத் தலைகால் புரியவில்லை.

"பார்த்தியா மார்க்கர்? இன்னிக்கு நான் ஃபார்ம்ல இருக்கேன்!"

அன்று சவரியம்மாள் கேட்பதற்கு முன்பே தாரிணி சொன்னாள்: "வலது முழங்கால். பாரம் இறங்கும்போதுதான் வலி."

"ம்."

"பதில் சரிதானே? ஆடலாமா?"

"ஒரு வக்கீலைப் பார்த்திருக்கே. போய்ச் சாப்பிடு."

"திங்கட்கிழமை எனக்கு மேட்ச் இருக்குக்கா! நான் பந்தை ஓங்கி அடிச்சே மூணு நாளாச்சு!"

"யாரு வேண்டாம்னா? சட்டையைக் கழட்டி வச்சிட்டுப் போ."

தாரிணி சட்டையைக் கழற்றினாள். குழாயடிக்குப் போய்த் துவைத்தாள். மறுநாளைக்கு அவளே காயப்போட்டாள்.

நான்காம் நாள் எப்படிப் போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. ஐந்தாம் நாள் டாக்டர் ஹேமலதா வரிசையாக மூன்று பந்தை வெளியே அடித்தார்.

"ஆஸ்பத்திரியில ஏதாவது மனசுக்குக் கஷ்டமாம்மா?" என்று கேட்டாள் தாரிணி.

டாக்டர் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"உனக்கு யார் சொன்னது?"

"தினமும் மூச்சைப் பிடிச்சுட்டு அடிப்பீங்க. இன்னிக்கு அடிச்சதும் கண்ணை மூடிக்கிறீங்க."

டாக்டர் ராக்கெட்டின் நரம்பைத் தடவினார். பிறகு, "மெதுவா நாலு பந்து போடும்மா," என்றார்.

ஓரத்தில் கோடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த சவரியம்மாள் அன்று சாயங்காலம் எதுவும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் சனிக்கிழமை. வக்கீல் தணிகாசலம் வந்ததும் கையை உயர்த்தினார்.

"அந்தப் பழைய மார்க்கரையே அனுப்புங்கப்பா. இந்தப் பொண்ணு பந்தை விட்டுட்டு என்னையே கூர்ந்து பார்க்கறா."

சவரியம்மாள் ஆடப் போனாள். தாரிணிக்கு வேலை இல்லை. தரையைச் சமன் செய்யும் கல் உருளையின் மேல் உட்கார்ந்து, சவரியம்மாள் ஆடுவதைப் பார்த்தாள்.

ஒரு மணி நேரம் பார்த்தாள். நடுவில் ஒருமுறை எழுந்து நின்றே விட்டாள்.

வக்கீல் வியர்வையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்க கிளப் மாடிக்குப் போனார். சவரியம்மாள் பந்துகளைக் கூடையில் போட்டாள்.

"நாளைக்கு ரயில் ஏறணும் நீ. கிளம்பு."

"இன்னிக்குக் கேள்வி?"

"இல்ல."

"அப்போ நான் கேட்கறேன். நீங்க இடது கைக்காரங்கதானே?"

கூடைக்குப் போன பந்து ஒன்று கீழே விழுந்து உருண்டது.

"யாரு சொன்னா?"

"உங்க கால்தான். வலப்பக்கம் பந்து வந்தா ஒரு நொடி யோசிக்குது. இடப்பக்கம் வந்தா யோசிக்கிறதே இல்ல. நீங்க போறதுக்கு முன்னாடி அது போய் நிக்குது. உடனே ராக்கெட் இல்லாத கை முன்னால வருது. வந்த கையை நீங்க மடக்கிக்கறீங்க. ஒவ்வொரு பந்துக்கும்."

சவரியம்மாள் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"சேர்ந்த வாரமே அப்ப இருந்த செகரட்டரி கூப்பிட்டார். இடது கைப் பந்து தப்பான பக்கமா திரும்புது, மெம்பர்ஸுக்குத் தொந்தரவா இருக்கு, கையை மாத்துன்னார். மாத்திட்டேன்."

"அப்புறம் யாருமே கேட்கலையா?"

"எதிரே நின்னு அடிச்சவங்க இருநூறு பேராவது இருப்பாங்க." குனிந்து கீழே கிடந்த பந்தை எடுத்தாள். "ஒருநாள் வந்தவங்களும் இருக்காங்க. மூணு வருஷம் வந்தவங்களும் இருக்காங்க."

தாரிணி தலை குனிந்தாள். பிறகு பையிலிருந்து ராக்கெட்டை உருவிக்கொண்டு நெட்டைச் சுற்றி எதிர்ப்பக்கம் போனாள். கோட்டுக்குப் பின்னால் முழங்காலை மடக்கி நின்றாள்.

சவரியம்மாள் மாடியை ஒருமுறை பார்த்தாள். ராக்கெட்டை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாள்.

மாற்றியதும் அவள் தோள் இறங்கியது. கழுத்து நிமிர்ந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கோர்ட்டுக்குள் விடப்படாத ஒருத்தி அங்கே வந்து நின்றாள்.

அவள் போட்ட முதல் சர்வீஸ் கோட்டைத் தொட்டு வெளிப்பக்கமாக ஓடியது. தாரிணி காற்றை அடித்தாள்.

இரண்டாவதும் அப்படியே.

மூன்றாவது ராக்கெட்டின் விளிம்பில் பட்டு வேலிக்குப் பறந்தது. மாடியில் யாரோ சிரித்தார்கள்.

தாரிணி திரும்பவில்லை. எதிரே, பந்தைத் தூக்கப்போகும் வலது மணிக்கட்டைப் பார்த்தாள். அது ஒரு விரல்கடை வெளியே சாய்ந்தது. பந்து மேலே போவதற்குள் அவள் ஓர் எட்டு நகர்ந்திருந்தாள்.

ஓங்கி அடித்தாள். பந்து கோட்டோரமாகச் சீறிப் போனது. சவரியம்மாள் ஓடினாள். எட்டவில்லை. மூச்சு வாங்கியபடி பல் தெரியச் சிரித்தாள். அடுத்த பந்தை எடுத்துக்கொண்டு கோட்டுக்கு வந்தாள்.

மாடிக் கைப்பிடிச் சுவரில் டீ கிளாஸோடு வக்கீல் தணிகாசலம் சாய்ந்து நின்றார்.

"ஏய் மார்க்கர்! என்ன நடக்குது அங்கே? ஒழுங்காப் பந்து போட மறந்துட்டியா?"

சவரியம்மாள் அண்ணாந்து பார்க்கவில்லை.

"ஆடிட்டிருக்கோம் சார்," என்றாள்.