நாலடி குறைந்த பட்டை

ஒரு வீட்டில் ஓர் அளவு டேப் இருந்தது. இழுத்தால் சரசரவென்று வரும், விட்டால் சுருக்கென்று கூட்டுக்குள் போய்விடும். தான் சொன்ன அளவுக்கு மறுபேச்சு கிடையாது என்று அதற்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு.

அந்த வீட்டு அம்மா பெயர் அமுதவல்லி. அவளுக்கு இரண்டு பெண்கள். சின்னவள் இனியா, அவள் பெற்றவள். பெரியவள் கோதை, கணவன் தனபாலின் இறந்துபோன முதல் மனைவிக்குப் பிறந்தவள். அமுதவல்லியும் முதல் கணவனைப் பறிகொடுத்தவள்தான். ஏழு வயது இனியாவைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் இந்தக் குடும்பத்துக்குள் வந்து நான்கு வருடம் ஆகிறது.

வந்த அன்றே மனதுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தாள். இருவருக்கும் எல்லாம் சரிசமம். இவளுக்கு நாலு இட்லி என்றால் அவளுக்கும் நாலு. இவளுக்கு ஒரு முழம் பூ என்றால் அவளுக்கும் ஒரு முழம். மாற்றாந்தாய் என்று யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாது.

யாரும் திறக்கவும் இல்லை. கோதை இன்னும் ஒரு படி மேல். எது கொடுத்தாலும் "போதும் சித்தி" என்பாள், எது செய்தாலும் "நல்லா இருக்கு சித்தி" என்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கமான பிள்ளை என்றார்கள். அமுதவல்லிக்கு மட்டும் உள்ளுக்குள் உறுத்தும். விருந்துக்கு வந்தவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள். சொந்த வீட்டுப் பிள்ளை எப்போது பேசும் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள், எப்படி வரவழைப்பது என்று தெரியாமல்.

இதற்கிடையில் புது வீட்டுக்குக் குடிபோனார்கள். பிள்ளைகளுக்கு இரண்டு அறைகள். ஒன்று நல்ல சதுரம், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. இன்னொன்று ரயில் பெட்டி மாதிரி, நீளம் பதினெட்டு, அகலம் எட்டு. யாருக்கு எது என்று அமுதவல்லி சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டாள். சதுரம் இனியாவுக்கு வந்தது, ரயில் பெட்டி கோதைக்கு.

கோதைக்குச் சின்ன அறை போய்விட்டதோ என்று அமுதவல்லி உடனே டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டு அறைகளின் தரையையும் அளந்தாள். பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கினாள், நூற்று நாற்பத்து நாலு. பதினெட்டை எட்டால் பெருக்கினாள், அதுவும் நூற்று நாற்பத்து நாலு.

"பாத்தியா கோதை, ரெண்டும் ஒரே அளவு. ஒரு அடி கூட வித்தியாசம் இல்லை" என்றாள்.

"நல்லா இருக்கு சித்தி" என்றாள் கோதை.

டேப் பெருமையோடு கூட்டுக்குள் சுருண்டது.

அறைகளை அழகுபடுத்தச் சாமான் வாங்க வேண்டும். தரைக்கு விரிப்பு, சுவருக்கு பெயின்ட், இடுப்பு உயரத்தில் அறையைச் சுற்றி ஒட்ட ரோஜாப்பூ போட்ட ஒரு பட்டை. பட்டைக்காக அமுதவல்லி சதுர அறையைச் சுற்றி அளந்தாள். நாலு பக்கமும் சேர்த்து நாற்பத்தெட்டு அடி. கதவு இருக்கிற இடத்தில் பட்டை ஓடாது, அதற்கு மூன்றடி கழித்தால் நாற்பத்தைந்து. ரயில் பெட்டியைச் சுற்றி அளக்கவில்லை. அதான் ரெண்டும் ஒரே அளவு ஆயிற்றே. விரிப்பு, பெயின்ட், பட்டை மூன்றையும் இரண்டிரண்டாக, அச்சு அசலாக ஒரே மாதிரி வாங்கி வந்தாள்.

முதலில் சுவருக்கு பெயின்ட் ஏறியது. அடுத்து விரிப்பு வந்தது. அது நாலடி அகலச் சுருள். இனியாவின் அறையில் பன்னிரண்டடித் துண்டுகளாக மூன்று விரிந்தன. கோதையின் அறையில் பதினெட்டடித் துண்டுகளாக இரண்டு விரிந்தன. இரண்டு அறையிலும் ஒரு விரற்கடை மிச்சமும் இல்லை, குறையும் இல்லை.

"அம்மா கணக்குன்னா கணக்குதான். எனக்கு எங்கயும் இடிக்கலை, எங்கயும் பத்தாம போகலை" என்றது விரிப்பு, காலை நீட்டிப் படுத்துக்கொண்டு.

"உனக்கென்ன, நீ தரை. சுவர்ல இருக்கறவன் பாடு எனக்குத்தான் தெரியும்" என்றது கோதையின் அறை பெயின்ட்.

"ஏன், உனக்கு என்ன ஆச்சு?"

"இந்த அறையில சுவர் அதிகம். பக்கத்து அறையைவிடச் சுத்தி வர நாலடி நீளம் கூட, உயரம் பத்தடி. நாப்பது சதுர அடி கூட. டப்பா மட்டும் அதே டப்பா. மெல்லிசா இழுத்து விட்டுச் சமாளிச்சேன்."

"சொல்லியிருக்கலாமே?"

"யாரும் கேக்கலை. நானும் சொல்லலை. உத்துப் பாத்தாதான் தெரியும்" என்றது பெயின்ட். அதன் குரலே கொஞ்சம் வெளுத்திருந்தது.

அன்று மாலை பட்டையை ஒட்டினார்கள். இனியாவின் அறையில் கதவின் ஒரு பக்கம் தொடங்கி, நாலு சுவரும் சுற்றி, கதவின் மறுபக்கம் வந்து கச்சிதமாக முடிந்தது. கோதையின் அறையில் முக்கால்வாசி ஒட்டியபோது அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. அமுதவல்லி எழுந்து ஓடினாள்.

"மிச்சத்தை நானே ஒட்டிக்கிறேன் சித்தி" என்றாள் கோதை.

ஒட்டிக்கொண்டே வந்தாள். கதவுக்கு நாலடி இருக்கும்போது பட்டை தீர்ந்துவிட்டது.

"என்னால இழுபட முடியாதும்மா" என்றது பட்டை. "பெயின்ட் மாதிரி நான் மெலிய முடியாது. இருக்கற நீளம்தான் என் நீளம். நீ போய்ச் சொல்லு."

பட்டை பேசியது கோதைக்குக் கேட்கவில்லை. வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொன்னால் சித்தியின் முகம் எப்படிச் சுருங்கும் என்று அவளுக்குத் தெரியும். பாவம், ஆசை ஆசையாக வாங்கி வந்தது. கட்டிலின் தலைமாட்டுப் பலகையைப் பார்த்தாள், நாலடி அகலம் இருந்தது. கட்டிலை இழுத்து வந்து, பலகை அந்த வெற்றிடத்தை மறைக்கும்படி கதவோரமாகப் போட்டாள். அமுதவல்லி வாசலில் நின்று எட்டிப் பார்த்தபோது பட்டை முழுசாகச் சுற்றி வந்த மாதிரிதான் தெரிந்தது.

"பிடிச்சிருக்கா?"

"நல்லா இருக்கு சித்தி."

கதவுக்குத்தான் அன்றிலிருந்து கஷ்டம். திறக்கும்போதெல்லாம் கட்டிலில் முட்டிக்கொண்டு பாதியோடு நின்றது.

"அந்தப் பொண்ணு என்னை முழுசாத் திறக்க விடமாட்டேங்குது. நான் என்ன பண்ணினேன்?" என்று அது டேப்பிடம் முறையிட்டது.

"என் அளவு தப்பா இருக்காது" என்றது டேப்.

"உன் அளவு சரிதான். எங்க அளக்கணுமோ அங்க அளந்தியா?"

டேப் சுருக்கென்று கூட்டுக்குள் போய்விட்டது.

சித்திரை வெயில் கொளுத்தியது. அறையின் நடுவில் இருந்த ஒற்றை மின்விசிறியின் காற்று அந்தக் கதவு மூலைக்கு எட்டவில்லை. கோதை பத்து நாள் வியர்வையில் புழுங்கிக்கொண்டு படுத்தாள். கழுத்தெல்லாம் வேர்க்குரு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துவைத்து மடித்த துணிகளோடு அமுதவல்லி கதவைத் தள்ளினாள். கதவு பாதியில் நின்றது. உடம்பை ஒடுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"ஏன்டி கட்டிலை இங்க போட்டிருக்க? காத்தே வராதே."

"எனக்கு இங்கதான் பிடிச்சிருக்கு சித்தி."

அப்போதுதான் அமுதவல்லி அவள் கழுத்தைப் பார்த்தாள். துணியைக் கீழே வைத்தாள், கட்டிலைப் பிடித்து இழுத்தாள். பின்னால் நாலடிச் சுவர் வெறுமையாக இருந்தது.

பிறகு டேப்பைக் கொண்டு வந்து, சுவரோரமாக அறை முழுக்க ஒரு சுற்று அளந்தாள். பதினெட்டு, எட்டு, பதினெட்டு, எட்டு. ஐம்பத்திரண்டு. கதவுக்கு மூன்றடி போனால் நாற்பத்தொன்பது.

"தரை சமம்னு சொன்னேனே தவிர சுத்தளவும் சமம்னு நான் சொல்லலை. என்னை இந்த வழியா யாரும் கூட்டிட்டு வரலை" என்று முனகியது டேப். அதற்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

அமுதவல்லி விறுவிறுவென்று இனியாவின் அறைக்குப் போனாள். ஒரு கத்தியை எடுத்து அந்தச் சுவர்ப் பட்டையின் ஓரத்தை நெம்பப் போனாள். இங்கிருந்து இரண்டடி எடுத்து அங்கே ஒட்டினால் இரண்டிலும் இரண்டடி குறையும், கணக்கு சரியாகிவிடும்.

கோதை ஓடி வந்து கையைப் பிடித்தாள். "வேணாம் சித்தி. அவ ரூம்ல எடுக்காதீங்க. எனக்கு இதுவே போதும்."

அமுதவல்லிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"என்னடி போதும்? எதுக்கெடுத்தாலும் போதும், போதும். பத்து நாளா வெந்துக்கிட்டுப் படுத்திருக்க. கழுத்தைப் பாரு, புண்ணாகப் போகுது. வாயைத் திறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா? அறிவு இருக்கா உனக்கு? ஒரு வேளை சோறு போடாட்டியும் இப்படித்தான் நல்லா இருக்குன்னு சொல்லுவியா?"

சத்தம் கேட்டு இனியா வந்து நின்றாள். அவள் கண் விரிந்தது. "அம்மா அக்காவைக் கூடத் திட்டுது" என்றாள், ஏதோ பண்டிகை வந்த மாதிரி.

நான்கு வருடத்தில் கோதை வாங்கிய முதல் திட்டு அதுதான். அவள் அழுதாள், நன்றாகவே அழுதாள். அழுகை பாதியில் இருக்கும்போதே வாயைத் திறந்தாள்.

"எனக்கு அந்த ரோஜாப்பூ பட்டையே பிடிக்கலை."

விரிப்பு திடுக்கிட்டது. பெயின்ட் காதைத் தீட்டிக்கொண்டது.

"என்னது?"

"ரெண்டு ரூம்லயும் எதுக்கு ஒரே மாதிரி? ரோஜாப்பூ இனியாவுக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. என்னை யார் கேட்டா?"

யாரும் கேட்கவில்லைதான். அமுதவல்லி கத்தியைக் கீழே வைத்தாள்.

"சரி, இப்ப கேக்கறேன். உனக்கு என்ன வேணும்?"

"பட்டை வேணாம். ஒரு பக்கத்து நீளச் சுவர் மட்டும் கத்தரிப்பூ கலர் அடிக்கணும்."

"கத்தரிப்பூ கலரா? ரூம் அடைச்ச மாதிரி ஆயிடும். இளநீலம் எடுத்துக்க."

"முடியாது சித்தி. கத்தரிப்பூதான்."

"அப்ப எனக்கும் சுவரை மாத்தணும்" என்றாள் இனியா.

"உன் ரூமுக்கு என்ன குறைச்சல்? சும்மா இரு."

இனியா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கோதை அவளைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள்.

"நான் உரிஞ்சு வந்துடறேன். வருத்தமெல்லாம் இல்லை. எனக்கும் இத்தனை நாள் கூச்சமாத்தான் இருந்துது" என்றது பட்டை.

எத்தனை சதுர அடிக்கு பெயின்ட் வேண்டும் என்று பார்க்க, அமுதவல்லி மறுபடி டேப்பை எடுத்தாள். கோதை அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு அறையின் அந்தக் கோடிக்குப் போனாள், சுவரில் அழுத்திக்கொண்டு நின்றாள். தன்னை எந்தப் பக்கம் கூட்டிப்போகிறார்கள் என்று டேப் இந்த முறை கவனித்துக்கொண்டே வந்தது.

"எத்தனை அடி சித்தி?"

அமுதவல்லி டேப்பைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். எண் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் கலங்கித் தெரிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். மறுபடியும் கலங்கியது.

"சீக்கிரம் படிங்க சித்தி, எவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டு நிக்கறது" என்று அந்தக் கோடியிலிருந்து அதட்டினாள் கோதை.