புருவத்துத் தழும்பு

தயாரிப்பாளர் அரங்கநாயகத்துக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. நிருபர்களைத் தியேட்டரில் உட்கார வைத்து, இழவுக் காட்சியைப் போட்டுக் காட்டினார். திரையில் நாற்பது பெண்கள் மாரடித்து அழுதார்கள். அத்தனை பேரும் கம்ப்யூட்டரில் செய்த பொம்மைகள்!

அந்த வேலையைப் பறிகொடுத்த துணை நடிகை குணவதி, ஏதோ சீரியல் ஷூட்டிங்கிலிருந்து மேக்கப்பைக்கூடக் கலைக்காமல் வந்து நின்றாள்.

“வாம்மா! இதுல ஒரு குறை கண்டுபிடி, உங்க எல்லாருக்கும் நாளைக்கே வேலை” என்றார் அரங்கநாயகம்.

“குறையே இல்லைங்க. இதெல்லாம் யார் முகம் சார்?”

“எந்தத் தாயும் பெறாத முகம்!” என்று மைக்கில் முழங்கினார்.

“அந்த மூணாவது கிழவியைக் கொஞ்சம் பெரிசாக்கச் சொல்லுங்க.”

பெரிதாக்கினார்கள். இடது புருவத்தில் கோணலாக ஒரு தையல் தழும்பு.

குணவதி முந்தானையால் தன் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அதே புருவம், அதே கோணல் தழும்பு. நிருபர்களின் கேமராக்கள் அவள் பக்கம் திரும்பின.

“மூக்கை மாத்தினீங்க, முடியை நரைக்க வச்சீங்க, இதை மறந்துட்டீங்களே. துணிக்கு அளவுன்னு சொல்லி, மேக்கப் இல்லாம நிக்க வச்சுச் சுத்திச் சுத்திப் படம் எடுத்தீங்களே, அன்னிக்கு அந்தப் படத்துல பதிஞ்ச தழும்பு இது. எனக்கு உங்க போன படத்துல லைட் விழுந்து நாலு தையல். தாயே பெறாத இவளுக்கு எந்த லைட் சார் விழுந்துச்சு?”