சூடு ஆறாத படுக்கைகள்

குழந்தைகளே, மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் எல்லா விலங்குகளுக்கும் பொதுவாக ஒரு வைத்தியசாலை இருந்தது. ஆலமர நிழலில் பன்னிரண்டு புல் படுக்கைகள். கரடிதான் வைத்தியர். வந்தது யானையா எலியா என்று பார்க்கமாட்டார். முதலில் படுக்க வைத்துவிட்டுத்தான் பேச்சு. காட்டிலுள்ள ஒவ்வொரு குடும்பமும் மாதம் ஒரு கட்டுப் புல் கொடுத்தால் போதும்.

அந்தக் காட்டில் ஓர் அழுங்கு இருந்தது. உடம்பெல்லாம் செதில், மனசெல்லாம் பயம். யாராவது தும்மினால்கூடப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். போன மழைக்காலத்தில் அது கண்ணியில் சிக்கிக் கால் புண்ணாகி, பதினெட்டு நாள் அந்த வைத்தியசாலையில் கிடந்தது. இன்று நான்கு காலில் நடக்கிறதென்றால் அது கரடியின் புண்ணியம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அழுங்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போடும். வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை.

ஒருநாள் உச்சிவெயில் நேரத்தில் மந்திரி நரி அவசரமாகச் சபையைக் கூட்டியது. அதுவும் வைத்தியசாலைக்கு எதிரிலேயே.

"அரசே, நீங்களே பாருங்கள்! பன்னிரண்டு படுக்கை, ஒன்றில்கூட ஆள் இல்லை. எதற்கு இந்த வீண்? ஆறு படுக்கையை இன்றே எடுத்துவிடுவோம். இனி எல்லாரும் பாதிப் புல் கொடுத்தால் போதும்" என்றது நரி.

"ஆகா, நல்ல யோசனை!" என்று குரங்கு குதித்தது. புல் மிச்சம் என்றதும் காட்டெருமைக்கு வாயூறியது.

"சம்மதம் என்பவர்கள் வாலைத் தூக்கலாம்" என்றது சிங்கராஜா. அந்தக் காட்டில் ஓட்டுப் போடுவது அப்படித்தான்.

மளமளவென்று வால்கள் எழுந்தன. அவற்றில் பாதி அந்தப் படுக்கைகளில் கிடந்து பிழைத்த வால்கள்! உடம்பு தேறியதும் மறந்துபோய்விட்டது, என்ன சொல்வது?

அழுங்குக்கு நரியின் தந்திரம் புரிந்தது. தினமும் உச்சிவெயிலில் கரடி நோயாளிகளை எல்லாம் சேற்றுக் குளியலுக்காக ஓடைக்கு அழைத்துப் போவார். அது நரிக்கும் தெரியும். படுக்கையை எடுத்துவிட்டால் ஏழாம் படுக்கை மான்குட்டி எங்கே போகும்? அதற்கு இன்னும் ஜுரம் விடவில்லையே!

எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்ற பயத்தில் உடம்பு தானாகச் சுருளத் தொடங்கியது. 'சீ! இப்போதும் சுருண்டுகொண்டால் நான் பிழைத்து என்ன பிரயோஜனம்?' என்று நினைத்து அழுங்கு நிமிர்ந்தது.

"அரசே, கோபித்துக்கொள்ளக் கூடாது. படுக்கையை எண்ணினால் போதாது. தொட்டுப் பாருங்கள்."

"காலிப் புல்லைத் தொட்டு என்ன ஆகப்போகிறது?" என்று நரி சிரித்தது.

சிங்கராஜா எழுந்து போய் ஏழாம் படுக்கையில் பாதத்தை வைத்தது. "அட, சூடாக இருக்கிறதே!" நம்ப முடியாமல் அதன்மேல் படுத்தே பார்த்தது.

"இங்கே வெயில் எட்டாது, அரசே. அது நோயாளியின் உடம்புச் சூடு. எல்லாரும் இப்போதுதான் ஓடைக்குப் போனார்கள். நானும் இங்கே கிடந்தவன்தான். இந்த இடம் இல்லையென்றால் இன்று நான் இல்லை." என்றது அழுங்கு.

ஒவ்வொரு வாலாக இறங்கியது. நரி ஓசைப்படாமல் நழுவியது.

அப்போது உடம்பெல்லாம் சேறாக நோயாளிகள் திரும்பி வந்தார்கள். தன் படுக்கையில் சிங்கராஜாவைக் கண்டதும் மான்குட்டி கரடியின் பின்னால் ஒளிந்துகொண்டது. "வைத்தியரே, என் இடத்தை எடுத்துக்கொண்டார்களா?"

சிங்கராஜா பதறி எழுந்தது. "இல்லை கண்ணே. சூடு ஆறிவிடக் கூடாதே என்று காவல் இருந்தேன். வந்து படு."

நீதி: உதவிய இடத்துக்கு ஆபத்து வரும்போது வாய் திறந்து பேசுவதே நன்றி.