சத்துமாவும் சாய்ந்த ஜீப்பும்

சத்துமாவால் கர்ப்பிணிகளுக்கு என்னதான் லாபம் என்று ஆராய, கூத்தம்பட்டிக்கு ஜீப்பில் வந்து இறங்கினாராம் பொருளாதார நிபுணர் தீனதயாளன்.

"தெற்குத் தெருவுக்கு மட்டும் மாவு கொடு. வடக்குத் தெருவுக்கு ஒரு வருஷம் நிறுத்து. வித்தியாசத்தைப் பார்ப்போம்" என்றார்.

அங்கன்வாடி ஆயா செவந்தி பதறினாள். "வடக்குத் தெருவுல பூவாயி ஏழு மாசம். எலும்பும் தோலுமா இருக்காளே ஐயா!"

"ஆராய்ச்சின்னா அப்படித்தான். உனக்குப் புரியாது."

"சரிங்க" என்று வெளியே போனாள்.

சாப்பிட்டுவிட்டு வந்தவர் அலறினார். ஜீப்பின் இடப்பக்கச் சக்கரம் இரண்டிலும் காற்றில்லை. வண்டி சாய்ந்து கிடந்தது.

"நான்தாங்க காத்தைப் பிடுங்கிவிட்டேன்" என்றாள் செவந்தி. "எந்தப் பக்கம் நல்லா ஓடுதுன்னு ஒரு வருஷம் பார்ப்போம்."

"அறிவிருக்கா? ரெண்டு பக்கமும் சேர்ந்துதான்டி ஒரு வண்டி!"

"ரெண்டு தெருவும் சேர்ந்துதாங்க ஒரு ஊரு."

ஜீப் டிரைவரே சிரித்துவிட்டார். பூவாயி வீடுவரைக்கும் மாவு போய்ச் சேர்ந்த பிறகுதான், காற்றடிக்கச் செவந்தியிடமிருந்து சைக்கிள் பம்பு வந்தது.