ஆடிக்கு முன்னால்

"ஆடி பொறக்கறதுக்குள்ள என் தம்பி எங்காச்சும் குடி போயாகணும். நம்ம மாடி ரூம் காலியா இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!"

குழாயடியில் வீட்டுக்கார அம்மா யாரிடமோ சொன்னது வடிவுக்கரசியின் காதில் விழுந்தது. மாடி அறையில் குடியிருக்கும் தையற்காரி அவள்தான். திங்கட்கிழமை திருப்பூரில் வேலைக்குச் சேர வேண்டும். தையல் மெஷினைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, வீட்டுக்காரரிடம் போய் அறையைக் காலி செய்வதாகச் சொன்னாள்.

ஓய்வுபெற்ற தாசில்தார் மயில்சாமி ஊஞ்சலைக் காலூன்றி நிறுத்தினார்.

"ஒரு மாசம் முன்னாடியே சொல்லோணும். என் வீட்டுல சட்டம்னா சட்டம்! இருந்துட்டுப் போ. இல்லேன்னா மெஷின் இங்கதான் இருக்கும்."

"சரிங்கய்யா, இருக்கறனுங்க. மாசம் முடியறப்ப ஆடி நடக்குமுங்க. ஆடியில யாருங்க வீடு மாறுவாங்க? ஆவணியில நல்ல நாள் பார்த்துக் கெளம்பிக்கறனுங்க."

மாடிக்குப் போய்க் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். கீழே சமையலறையிலிருந்து குரல் கேட்டது.

"ஏனுங்க, ஆவணி வரைக்கும் என் தம்பி தெருவுலயா இருப்பான்? உங்க சட்டத்தை நீங்களே வெச்சுக்குங்க!"

சற்று நேரத்தில் தாசில்தார் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்டினார். மெஷினைத் தாமே தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் வைத்தார்.