ஊர் ஊளையிட்டவனின் வழக்கு

முன்னொரு காலத்தில், நல்ல நேரம் பார்த்து மீசைக்கு எண்ணெய் தடவிக்கொள்ளும் அரசர் ஒருவர் இருந்தார். தேர்த்திருவிழாவுக்கு முந்தின வாரம், நாவிதன் மருதப்பனின் கத்தி அந்த மீசையின் இடப்பக்கத்தை ஒரே இழுப்பில் கொண்டுபோய்விட்டது.

ஊர் கொதித்தது; மருதப்பனைக் கண்ட இடமெல்லாம் ஊளையிட்டது. நாட்டின் மானமே அந்த மீசையில்தான் இருப்பதாக அதுவரை யாரும் நினைத்ததில்லை. அன்று எல்லோரும் நினைத்தார்கள்.

"அவன் கட்டை விரலை வெட்டுங்கள்" என்றார் அரசர், பாதி முகத்தைத் துண்டால் மூடியபடி.

அமைச்சர் வல்லபராயர் குனிந்தார். விகடகவி மாசிலாமணியின் பேச்சுக்கு அரசர் சிரிப்பதில் அவருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். "பிரபு, மாசிலாமணி வந்து வாதாடி அவனைத் தப்பவைப்பான். ஊர் யாரைப் பார்த்து ஊளையிடுகிறதோ, அவனுக்காக எவரும் பேசக் கூடாது, பேசினால் அதே தண்டனை என்று ஆணையிடுங்கள்."

அப்படியே முரசறைந்தார்கள்.

மாசிலாமணிக்குத் தன் கட்டை விரல் மேல் பிரியம் உண்டு. அவன் மனைவி செண்பகத்துக்கும் உண்டு.

"நீங்க அவனுக்குப் பேசப் போறீங்கன்னு பால்காரி நம்ம வாசல்ல நிக்காமலே போயிட்டா. அவன் வேணும்னே செஞ்சானா இல்லையான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்குப் போறீங்க?"

"யாருக்குமே தெரியாது, செண்பகம். யாரும் அவனைக் கேக்கவே இல்லையே."

சொல்லிவிட்டானே தவிர, அரண்மனை வரை கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டுதான் நடந்தான்.

சபையில் மருதப்பன் தலைகுனிந்து நின்றான். காவலன் உப்பரிகையிலிருந்து அவன் பெயரைச் சொன்னதும் முற்றத்தில் நின்ற கூட்டம் ஊளையிட்டது.

"விகடகவியார் ஏதும் சொல்ல விரும்புகிறாரா?" என்று வல்லபராயர் இனிமையாகக் கேட்டார்.

"மருதப்பனைப் பற்றி ஒன்றுமில்லை, ஐயா. உப்பரிகையில் சற்றுக் காற்று வாங்க அனுமதி வேண்டும்."

அரசர் கை காட்டினார். மாசிலாமணி வெளியே போய்க் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான்: "திருவிழாவுக்குச் சர்க்கரைப் பொங்கல் கிடையாதென்று அமைச்சர் வல்லபராயர் சொன்னால் என்ன செய்வீர்கள்?"

"பொங்கல் இல்லியாம்டா" என்றான் முன்னால் நின்றவன். "அமைச்சரே தின்னுட்டாராம்" என்றான் அவனுக்குப் பின்னால் நின்றவன். அடுத்து எழுந்த ஊளையில் மாடத்துப் புறாக்கள் பறந்தன. வல்லபராயரின் பெயர் அதில் தெளிவாகக் கேட்டது.

மாசிலாமணி உள்ளே வந்து வணங்கினான். "பிரபு, ஊர் அமைச்சரைப் பார்த்து ஊளையிட்டுவிட்டது. ஆணைப்படி இனி அவருக்காக யாரும் பேச முடியாது. நேரே தண்டனைதான்."

வல்லபராயருக்கு வியர்த்தது. "அநியாயம், பிரபு. என்ன நடந்ததென்று கேட்காமலே தண்டிப்பதா? கூச்சலிடுகிறவர்களுக்கு என்ன தெரியும்? எனக்காகப் பேச ஒருவராவது வேண்டாமா?"

மாசிலாமணி மருதப்பன் பக்கம் திரும்பினான். "உனக்காக நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், அப்பா. எனக்குத் தடை இருந்ததால் அமைச்சரே முழுவதையும் சொல்லிவிட்டார்."

அரசரின் துண்டு லேசாகக் குலுங்கியது. "மருதப்பா, நடந்ததைச் சொல்."

"சாமி, கத்தி உங்க மேலுதட்டுல இருக்கறப்போ அமைச்சர் ஐயா வந்து உங்க மீசையைப் புகழ்ந்தாரு. நீங்க ஆமாம்னு தலையாட்டுனீங்க."

அரசர் யோசித்தார். பிறகு துண்டு நழுவி விழும்படி சிரித்தார். மிச்சமிருந்த பாதி மீசை துள்ளியது. "ஆட்டினேன்தான். இந்தப் பக்கத்தையும் எடுத்துவிடு. அதுவரை அமைச்சர் வெளியே நிற்கட்டும்." தண்டனையையும் ஆணையையும் திரும்பப் பெற்று, தம் முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணியின் கழுத்தில் போட்டார்.

வெளியே போகத்தான் அமைச்சரால் முடியவில்லை. முற்றத்தில் ஊளை ஓயவே இல்லை. அவர் மாசிலாமணியின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "விகடகவியாரே, அந்தப் பொங்கல் விஷயத்தில் எனக்காக நாலு வார்த்தை..."

"வாருங்கள், பேசுகிறேன். உங்களை எனக்குப் பிடிக்காதுதான், ஐயா. அது வழக்கில் சேராது" என்று சொல்லிவிட்டு, மாசிலாமணி உப்பரிகைக்கு நடந்தான்.